ஒட்டுக்குக் கீழே

பிப்ரவரி 8

அண்ணாவுக்கு,

நீங்கள் என் போனை எடுக்க மாட்டீர்கள். மெசேஜ் போட்டால் படித்த அடையாளம் மட்டும் விழும், பதில் வராது. கடிதம் என்றால் படிப்பீர்கள் என்று அம்மா சொல்வாள். "பெரியவனுக்கு எழுத்துன்னா ஒரு மரியாதை. திட்டி எழுதினாலும் பிழை இருக்கான்னு பார்க்கவாவது படிச்சிடுவான்." அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அம்மா இறந்த செய்தி உங்களுக்குக் கிடைத்தது. நீங்கள் வரவில்லை. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. பின்சுவரில் இருக்கும் கொடி ரோஜாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற அண்ணன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது?

அந்தச் சிவப்பு ரோஜா ஞாபகம் இருக்கும். சுவர் நீளத்துக்கும் கம்பி இழுத்து, கொடிகளைப் படுக்கவைத்துக் கட்டி அம்மா வளர்த்தது. "நிமிர்ந்து நின்னா உச்சியில மட்டும் பூக்கும். படுக்கப் போட்டா கணுவுக்குக் கணு பூக்கும்" என்பாள். இந்த வருடம் அந்தச் சிவப்புக்கு நடுவில் வெள்ளை பூத்திருக்கிறது. சின்னச் சின்னப் பூ, கொத்துக் கொத்தாக, ஒற்றை அடுக்கு இதழ். நாங்கள் யாரும் நடவில்லை. அந்த வெள்ளைக் கொடி சுவரை விட்டு விலகிப் பெரிய அறையின் ஜன்னல் வரை வந்துவிட்டது. காற்றடித்தால் கண்ணாடியைத் தட்டுகிறது. அப்பா ஆணி அடித்து மூடினாரே, அதே ஜன்னல்.

ஆணி அடித்த ஜன்னல் வழியாக வாசனை எப்படி உள்ளே வருகிறது என்றுதான் தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளை இடுக்கில் எல்லாம் பழைய செய்தித்தாளைத் திணித்துப் பார்த்தார். "இப்ப செய்தியும் சேர்ந்து மணக்குது" என்று சிரிக்கிறார். அவருக்கு எல்லாமே வேடிக்கை. அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறை அது. அதற்கு முன்னால் உங்கள் அம்மாவும் அங்கேதான் படுத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாளெல்லாம் எலும்பைப் பார்க்கிறவள். ஒரு பூவைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தங்கை


பிப்ரவரி 17

வீட்டில் இருப்பவருக்கு,

'தங்கை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த உறவு அப்பா ஏற்படுத்தியது. என்னைக் கேட்டு ஏற்படுத்தவில்லை.

கேள்விக்குப் பதில் சொல்கிறேன். செடிக்குப் பேய் பிடிக்காது. தோட்டத்து ரோஜாவில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். தரைக்குக் கீழே ஒரு முரட்டு ரோஜாவின் வேர். அதன் மேல் அழகான ரோஜாவின் மொட்டு ஒன்றைப் பட்டைக்குள் செருகிக் கட்டியிருப்பார்கள். மேலே இருப்பது விருந்தாளி, கீழே இருப்பதுதான் வீட்டுக்காரன். ஒட்டுக்குக் கீழேயிருந்து வீட்டுக்காரன் அவ்வப்போது துளிர் விடுவான். அதைக் கண்டவுடன் பிய்த்து எறிய வேண்டும். விட்டால் கொஞ்ச வருடத்தில் அவன் மேலே வந்து விருந்தாளியைக் கொன்றுவிடுவான். இலையை எண்ணிப் பார். சிவப்பில் ஒரு காம்புக்கு ஐந்து இருக்கும். இதில் ஏழோ ஒன்பதோ இருக்கும்.

ஆக, உன் வீட்டில் நடந்திருப்பது பராமரிப்பு இல்லாமை. கத்தரியால் வெட்டாதே. வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும். மண்ணை விலக்கி, துளிர் வேரில் ஒட்டியிருக்கும் இடத்தைப் பிடித்துக் கீழ்நோக்கிப் பிய்.

அந்தச் சுவரில் முதலில் இருந்தது என் அம்மாவின் ரோஜா. அவள் போன வருடமே உன் அம்மா வந்தாள். வந்த கொஞ்ச நாளில், நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால் சுவர் மொட்டையாக இருந்தது. அடியில் கிளறிய மண், நடுவில் ஒரு குச்சி. "வேற ரோஜா வெச்சிருக்கேன்டா கண்ணு, சிவப்பாப் பூக்கும்" என்றாள். எனக்கு அப்போது பத்து வயது. நான் அவளோடு பேசுவதை நிறுத்தியது அன்றைக்குத்தான். காரணத்தை யாரும் கேட்கவில்லை. அடம் பிடிக்கிறான் என்றார் அப்பா.

சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். பேய்க்கதை எழுதி அனுப்ப வேண்டாம்.


பிப்ரவரி 26

அண்ணாவுக்கு,

எண்ணிப் பார்த்தேன். ஏழுதான்.

நீங்கள் சொன்ன மாதிரியே அடியில் மண்ணை விலக்கி ஒரு துளிரைப் பிய்த்தேன். கட்டைவிரல் நகத்தில் பச்சை ஏறிவிட்டது. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா. அம்மாவின் விரல் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அப்பா வேலைக்குப் போனதும் அம்மா பின்சுவருக்குப் போய்க் குத்தவைத்து உட்காருவாள். மண்ணைத் தடவித் தடவிப் பார்த்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுப்பாள். எடுக்கும்போதெல்லாம் மெதுவாக ஏதோ சொல்வாள். ஒரு நாள் பூனை மாதிரி பின்னால் போய் நின்று கேட்டேன்.

"கோச்சுக்காதீங்கக்கா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

"யாரும்மா அக்கா?" என்றேன். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "எவளும் இல்லடி. போய்ப் பாடத்தைப் படி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பக்கத்து வீட்டு அக்காவோடு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பேசுகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது என்பது பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் அந்தச் சுவர்ப் பக்கம் நான் தனியாகப் போனதில்லை.

துளிரைப் பிய்த்த அன்று மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். எக்ஸ்ரே மேஜையில் படுத்திருந்த ஒரு அம்மாள், "யாரும்மா இங்க பூ வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவர்களோடு சேர்ந்து நானும் பிடித்துக்கொண்டேன்.

ஒரு பூவைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். இது முரட்டு வேரின் பூ மட்டும்தானா?

தங்கை (கோபித்துக்கொண்டாலும் அப்படித்தான் எழுதுவேன்)


மார்ச் 5

வீட்டில் இருப்பவருக்கு,

அந்தப் பூவை நீ அனுப்பியிருக்கக் கூடாது.

உறையைக் கல்லூரியில் பிரித்தேன். எனக்கு ஜூனியராக வந்து எனக்கு மேலே துறைத்தலைவராக உட்கார்ந்திருக்கும் ஒருவன் எதிரே இருந்தான். "சாருக்கு வீட்டிலிருந்து கடிதமா? முகம் என்னமோ மாதிரி ஆயிடுச்சே" என்றான். அவன் முன்னால் என் முகம் அப்படி ஆக நீ காரணமாகிவிட்டாய். அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

இது என் அம்மாவின் ரோஜா. எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் படுத்திருந்தபோது அந்த ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. பேச முடியாமல் போன பிறகு கட்டில் சட்டத்தை விரலால் தட்டுவாள். தட்டினால் திறக்க வேண்டும் என்று அர்த்தம். திறந்ததும் இந்த வாசனை வரும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் காம்பஸால் கட்டிலில் என் பெயரைச் செதுக்கிக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா அதைப் பிடுங்கவில்லை. இப்போதுதான் புரிகிறது. அடியோடு வெட்டிவிட்டு, மிஞ்சிய வேரில் தன் சிவப்பை ஒட்டியிருக்கிறாள். என் அம்மாவின் வேரிலேயே தன் பூவைப் பூக்க வைத்து, என் அம்மா தலை தூக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் கிள்ளி எறிந்திருக்கிறாள். ஒரு ஆயுள் முழுக்க. அதற்கு 'கோச்சுக்காதீங்கக்கா' என்று ஒரு மரியாதை வேறு. அவளைக் கெட்டவள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இவ்வளவு பொறுமைசாலி என்று தெரியாது.

இன்னொன்று. இந்த வெள்ளை, போன வருடம் வளர்ந்த கொடியில்தான் இந்த வருடம் பூக்கும். ஆகவே இந்தத் துளிர் உன் அம்மா உயிரோடு இருந்தபோதே வந்தது. கடைசியில் கை தளர்ந்துவிட்டது போலிருக்கிறது.

சிவப்பை ஒட்டுக்குக் கீழே வைத்து அறுத்துவிடு. சுவரிலிருந்து முழுவதையும் இறக்கு. இரண்டையும் விட்டு வைத்தால் வெள்ளைதான் ஜெயிக்கும், ஆனால் அதற்கு வருடங்கள் ஆகும். என்னால் காத்திருக்க முடியாது. வீட்டில் என் பங்கை நான் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. அந்த ஒரு சுவரைக் கேட்கிறேன்.


மார்ச் 11

அண்ணா,

அறுக்க மாட்டேன்.

கை தளர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தளரவில்லை. போன வருடம் இதே நாட்களில் அம்மா நன்றாக நடந்துகொண்டிருந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது அவள் பின்சுவரில் ஒரு பச்சைத் துளிரைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துத் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, எப்பவும் கிள்ளுவே, இப்ப கட்டுறே?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டுமென்று அன்றைக்கே போன் போட்டேன். நீங்கள் வழக்கம் போல் துண்டித்தீர்கள். நேராக எழுதினால் நம்ப மாட்டீர்கள், பூவை நீங்களே அடையாளம் காணட்டும் என்றுதான் இதுவரை ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டேன்; பயம் மட்டும் பொய்யில்லை.

வெட்டச் சொன்னது அம்மா இல்லை. அப்பா. பெரியம்மா போன பிறகு அந்த வாசனை வந்தாலே அப்பாவால் சோறு இறங்காதாம். முதலில் ஜன்னலுக்கு ஆணி அடித்தார். அப்புறமும் வந்தது. ஒரு நாள் ஆளைக் கூப்பிட்டு வேரோடு தோண்டி எறியச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பாதிக் குழி தோண்டியாயிற்று. அம்மா அந்த ஆளை அனுப்பிவிட்டாள். தானே மேலே இருந்ததை எல்லாம் வெட்டி இறக்கி, குழியை மூடி, தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்பில் மொட்டு எடுத்து வேரில் ஒட்டினாள். தாத்தா நாற்றுப் பண்ணை வைத்திருந்தவர், அவர் செய்வதைப் பார்த்திருக்கிறாளே தவிரத் தானாகச் செய்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் அப்பாவிடம், "பழசைத் தூக்கியாச்சு, புதுசு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். வெள்ளை ஒரு தடவை தலைகாட்டியிருந்தால் அப்பா மறுநாளே கடப்பாரை எடுத்திருப்பார். அதற்குத்தான் அந்தக் கிள்ளல்.

"அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"பத்து வயசுப் புள்ளைடி. சந்தோஷத்துல அப்பாகிட்டயே ஓடிப் போய்ச் சொல்லிட்டான்னா?"

"சரி, அப்பா போனப்புறம்?"

முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். "அப்புறம் எனக்கே மனசு வரலை. இந்த வீட்ல பாத்திரம் அவங்களது, கட்டில் அவங்களது, புருஷன் அவங்களவர். பெத்தது நீ ஒருத்தி, வெச்சது இது ஒண்ணு. அவங்க மேல வந்தா இது போயிடும். நானும் மனுஷிதானே."

நல்லவள் என்று சொல்ல வரவில்லை அண்ணா. அவளே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் ஒரு தடவைகூட அவளைச் சித்தி என்று கூப்பிட்டதில்லை. 'இவங்க' என்பீர்கள். 'இவங்க சோறு வெச்சாங்களா' என்று அவள் எதிரிலேயே அப்பாவைக் கேட்பீர்கள். அவள் போய்விட்டாள். அவள் வைத்தது அந்தச் சுவரில் நிற்கிறது. அதைக் கொல்ல வேண்டுமென்றால் நீங்களே வந்து கொல்லுங்கள். கத்தரி பின்கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அறுக்கும் ரம்பமும் இருக்கிறது. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.


மார்ச் 16

வீட்டில் இருப்பவருக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சாப்பிட மாட்டேன். தங்க மாட்டேன். பின்வாசல் தாழ்ப்பாளை மட்டும் திறந்து வை. நீங்கள் இருவரும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. இருக்காமல் இருந்தால் நல்லது.

நீ எழுதியதை நம்புவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. செத்தவள் சொன்னதாக யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

நீ அனுப்பிய பூவை அன்றைக்கே குப்பையில் போட்டேன். குப்பையும் போய்விட்டது. மாடியில் ஒற்றை அறை எனக்கு, ஒரே ஜன்னல், அதற்கு வெளியே செடி கிடையாது, தண்ணீர்த் தொட்டிதான். நேற்று மத்தியானம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது யாரோ தட்டினார்கள். கதவைத் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது என் விரல்தான்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம். நேரமில்லை.


மார்ச் 23

அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே நாங்கள் வெளியே போய்விட்டோம். உங்கள் மாப்பிள்ளை போகும் வழியெல்லாம், "உங்க அண்ணன் செடியை வெட்டிட்டு அப்படியே என்னையும் தேடப் போறார்" என்று முனகிக்கொண்டே வந்தார். பார்க்கில் போய் உட்கார்ந்தோம். அவர் இரண்டு ஐஸ்கிரீம் தின்றார். என்னால் ஒன்றும் முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டோம்.

நான் முன்வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர்தான் முதலில் பின்பக்கம் போனார். "ஏய், இங்க வா" என்றார். குரலில் கிண்டல் இல்லை.

சிவப்பு அப்படியே நின்றது. கத்தரி வாயைப் பிளந்தபடி மண்ணில் கிடந்தது. அடியைச் சுற்றி மண் நன்றாகக் கிளறப்பட்டு, புதுத் துளிர்கள் எல்லாம் பிய்க்கப்பட்டு, கூடையில் குவிந்திருந்தன. அம்மா செய்கிற மாதிரியே இலை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. பூத்த வெள்ளைக் கொடி ஒன்றை மட்டும் விட்டிருந்தீர்கள். அதைப் படுக்கவைத்து ஜன்னல் சட்டத்தோரம் கட்டியிருந்தீர்கள். கட்டியது உங்கள் கைக்குட்டை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குள் போனோம். பெரிய அறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அப்பா அடித்த ஆணிகள், துரு ஏறியவை, விளிம்பில் வரிசையாக இருந்தன.

சமையலறையில் மூடி வைத்திருந்த சாப்பாட்டை நீங்கள் தொடவில்லை. தண்ணீர் குடித்த டம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

என்ன நடந்தது? வெட்டத்தானே வந்தீர்கள்? எழுதுங்கள். போன் போட மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 1

சின்னவளுக்கு,

கத்தரியைச் சிவப்பின் கழுத்தில் வைத்தேன். அழுத்தவும் செய்தேன். பட்டையில் ஒரு வெட்டு விழுந்திருக்கும், பார்த்து அதில் கொஞ்சம் மெழுகு தடவு.

முழுவதும் அறுக்க ரம்பம் வேண்டியிருந்தது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கக் குனிந்தேன். நாற்பது வருடத்தில் அந்த அடிமரம் என் முழங்கால் அளவுக்குப் பெருத்திருக்கிறது. ஒட்டு தெரிந்தது. அதற்குக் கீழே, சுற்றிலும், வேறு முடிச்சுகளும் தெரிந்தன. ஒவ்வொன்றும் பழைய வெட்டு ஒன்றின் மேல் பட்டை மூடியது. மாணவர்களுக்கு இதைப் பல வருடம் காட்டியிருக்கிறேன். செருகிய மொட்டு பிடிக்காமல் காய்ந்துபோனால் மிஞ்சும் தழும்பு அது.

முதல் தடவை பிடிக்கவில்லை. அடுத்ததும் பிடிக்கவில்லை. அதற்கடுத்ததும். ஒரு மொட்டு பிடித்ததா காய்ந்ததா என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அந்த வேர் சாகவும் கூடாது, அப்பா கண்ணில் படும்படி துளிர்க்கவும் கூடாது. கொடி ரோஜா வளர்க்க மட்டும் ஆசைப்பட்டிருந்தால் இரண்டடி தள்ளி ஒரு புதுக் குழி தோண்டியிருக்கலாம். அந்த நாட்களில் நான் அவள் வைத்த தட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியதை நம்பாமல் இருக்கலாம். பட்டையை எப்படி நம்பாமல் இருப்பது?

உன் வீட்டுக்காரரிடம், அண்ணன் மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரியாதே. அப்படி ஒன்றும் இல்லை. சித்தி ஒரு விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாள். நான் சொல்லியிருக்க மாட்டேன். என் அம்மா மண்ணுக்குக் கீழே உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால், வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். எப்படியும் நான் ஊமையாகத்தானே இருந்தேன்.

துளிர்களைப் பிய்க்கத் தொடங்கியபோது வாய் தானாக ஏதோ சொன்னது. நீ எழுதியிருந்த அதே வார்த்தைகள்தான், 'அக்கா' என்ற இடத்தில் மட்டும் வேறு. என் கட்டைவிரலில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். சோப்பு மாற்றிப் பார்த்துவிட்டேன்.

இனி செய்ய வேண்டியது. இரண்டும் ஒரே வேரில் இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் விடாமல் கூடவே இருக்க வேண்டும். வாரா வாரம் மண்ணை விலக்கிப் பார். வருகிற துளிரை எல்லாம் பிய்த்துவிடு. சிவப்பில் வாடிய பூவை உடனுக்குடன் எடு. அதற்கு இந்த வருடம் இரண்டு மடங்கு எரு வேண்டும், பாதிச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறது. வெள்ளை பூத்து முடிந்ததும் அந்தக் கொடியை எடுத்துவிட்டு, புதுத் துளிரில் ஒன்றே ஒன்றை மட்டும் விட வேண்டும். அடுத்த வருடம் பூக்கப் போவது அதுதான். எதை விடுவது என்பதை நீ முடிவு செய்யாதே. நான் வந்து பார்க்கிறேன். சாப்பாடு மூடி வைக்க வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும்.

ஜன்னலை மறுபடி மூடியிருப்பாய் என்று நினைக்கிறேன். உனக்குப் பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆணிகளைப் பிடுங்கும்போது உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்றடித்தால் அது தட்டும். திறந்து விடு.